எப்போது குத்தியது, சிஸ்டர்?

ஊசியும் ரத்தமுமாக வேலை பார்க்கும் கிராமப்புறச் செவிலியர்களின் பாதுகாப்பு, அவர்களுடைய கவனத்தை மட்டுமே நம்பி விடப்பட்டிருக்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

ஊசி போட்டுக்கொள்ளும்போது நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிடுவோம். அதற்கு அடுத்த ஐந்து விநாடிகளில் என்ன நடக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ரத்தம் பட்ட ஊசி சிஸ்டரின் வலது கையில் இருக்கிறது. நீடில் கட்டர் மேசை மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஊசியை அப்படியே அதன் வாயில் நுழைத்து நறுக்கிவிடலாம். அறையின் மறுகோடியில் இருந்தால் அந்த ஊசியோடு நாலடி நடக்க வேண்டும். வழியில் அடுத்த நோயாளி நிற்கிறார். அவர் இடுப்பில் இருக்கும் குழந்தை கையை வீசுகிறது. திறந்த ஊசியோடு நெரிசலில் நடக்க மனம் வராமல், இடது கையில் பிளாஸ்டிக் மூடியை எடுத்து ஊசிமேல் மாட்டப் பார்க்கிறார் சிஸ்டர். மூடி ஒரு நூல் விலகினாலும் ஊசி இடது விரலில் இறங்கிவிடும்.

ரத்தம் பட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது என்பது நர்சிங் முதலாண்டுப் பாடம். அதைப் படிக்காமல் யாரும் தேர்வு எழுதி வெளியே வந்திருக்க முடியாது. தெரிந்தும் ஏன் மூடி போடுகிறார்கள் என்று கேட்டால், பதில் அந்த நாலடி தூரத்தில் இருக்கிறது. செவிலியர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். விழிப்புணர்வு வேண்டியதுதான். அதைவிட, தெரிந்ததைச் செய்ய முடிகிற இடமாக மருத்துவமனை இருக்க வேண்டும். கிராமங்களில் இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

வயலுக்கு நடுவே வார்டு

பிரெஞ்சுக்காரர் காலத்து நிர்வாக அமைப்பான கொம்யூன், புதுச்சேரிக் கிராமப்புறத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருக்காமீஸ்வரர் கோயிலும் லூர்து மாதா ஆலயமும் உள்ள வில்லியனூர், நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஏரிப் பாசனத்தால் புதுவையின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய பாகூர், தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். இந்தப் பகுதி மருத்துவ வசதிக்குப் பஞ்சமான இடமும் அல்ல. நலவழித் துறையின் துணை சுகாதார நிலையங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், பக்கத்துக் கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நலவழி மையம், இராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக சுகாதார மையம் எல்லாம் இருக்கின்றன. அரியூர், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் என்று சாலையோரக் கிராமங்களில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் எழும்பியிருக்கின்றன. அவற்றை ஒட்டி நர்சிங் கல்லூரிகளும் வந்துவிட்டன.

ஆக, இங்கே செவிலியர் என்றால் பல வகை. வீடு வீடாகப் போய்த் தடுப்பூசிக் கணக்கெடுக்கும் ஏ.என்.எம்., சுகாதார நிலையத்தில் இரவுப் பிரசவம் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ், பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் ஷிப்ட் பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண், நாலு படுக்கை கிளினிக்கில் ஊசியும் போட்டு, பில்லும் எழுதி, தரையும் துடைக்க வேண்டியிருக்கும் உதவிச் செவிலியர். பெரிய ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புக் குழு இருக்கும், அதற்கென்றே ஒரு செவிலியர் சுற்றி வருவார். ஊர் சிறிதாகச் சிறிதாக இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். துணை சுகாதார நிலையத்து ஏ.என்.எம்.முக்கு எஞ்சுவது அவருடைய சொந்த ஜாக்கிரதை மட்டும்தான்.

30, 3, 0.3

ஊசி குத்திய விரலில் ஒரு துளி ரத்தம்தான் வரும், சிலசமயம் அதுவும் வராது. வலி எறும்புக் கடி அளவு. அதனால்தான் அது சின்ன விஷயமாகத் தோன்றுகிறது. நர்சிங் வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லித்தரும் ஒரு கணக்கு உண்டு: 30, 3, 0.3. தடுப்பூசி போடாத ஒருவரை, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் தீவிரமாக உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை. ஹெபடைட்டிஸ்-சி என்றால் 3 சதவீதம் வரை. பிந்தைய ஆய்வுகள் அதைவிடக் குறைவாகக் காட்டுகின்றன. எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3 சதவீதம். எல்லோரும் நடுங்குவது கடைசி எண்ணைக் கேட்டுத்தான். உண்மையில் நடுங்க வேண்டியது முதல் எண்ணுக்கு. ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கட்டில் கம்பியில், பி.பி. கருவியின் துணியில், கழுவாத டிரேயில் அது காத்திருக்க முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ்-பி தொற்றோடு வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. அவர்களில் ஒருவர் இன்று காலை காய்ச்சலென்று வந்து கையை நீட்டியிருக்கலாம்.

அதே நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில், உலகின் மூன்றரைக் கோடி மருத்துவப் பணியாளர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் ஊசி, கத்தி போன்றவற்றால் தொற்றுள்ள ரத்தத்துக்கு ஆளாகிறார்கள் என்று தெரியவந்தது. அதன் விளைவாக ஆண்டுக்கு 66,000 பேருக்கு ஹெபடைட்டிஸ்-பி வந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இது தடுத்திருக்கக்கூடிய நோய். ஹெபடைட்டிஸ்-பிக்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று டோஸ். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்த 30 சதவீத பயம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

இங்கே ஒரு நுட்பமான ஓட்டை உண்டு. நம் நாட்டின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ்-பி நாடு முழுவதும் வந்து சேர்ந்தது 2011-இல்தான். இன்று வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் எல்லோருமே அதற்கு முன் பிறந்தவர்கள். சின்ன வயதிலேயே எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று அம்மா சொல்லியிருப்பார், ஆனால் அதில் இது பெரும்பாலும் இருந்திருக்காது. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் டோஸ் போட்டுக்கொண்டு, இரண்டாவதும் போட்டு, ஆறாவது மாதம் இடமாற்றத்திலோ டூட்டி நெருக்கடியிலோ மூன்றாவது விட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர். எதிர்ப்பு சக்திப் பரிசோதனை வரை போனவர்கள் அதைவிடக் குறைவு.

கையுறை இருக்கிறது, கைக்குச் சேரவில்லை

கையுறையையும் நெருங்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஸ்டோரில் கையுறை இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஏழரை அளவு. சிறிய கை உள்ள செவிலியருக்கு ஆறோ ஆறரையோதான் பொருந்தும். ஏழரையைப் போட்டால் விரல் நுனியில் ரப்பர் தொங்கும், நரம்பு தட்டுப்படாது. வயதான நோயாளியின் வற்றிய கையில் ஐ.வி. ஊசி ஏற்ற நரம்பைத் தேடும்போது அவர் என்ன செய்வார்? ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கிழித்துவிட்டு நரம்பைத் தடவுவார், அல்லது கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார். ஊசி உள்ளே போய், அதன் உள்கம்பியான ஸ்டைலட்டை உருவும் கணத்தில் ரத்தம் பின்னோக்கி வரும்போது அவருடைய விரல் வெறுமையாக இருக்கிறது. பதிவேட்டின்படி அந்த வார்டில் கையுறைத் தட்டுப்பாடே இல்லை.

பிரசவ அறையில் கண்ணாடிக் கவசம் போட வேண்டும். பனிக்குடம் உடையும்போது நீர் முகத்தில் தெறிக்கும். புதுவையின் கடற்கரைப் புழுக்கத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அந்தக் கண்ணாடி இரண்டே நிமிடத்தில் வியர்வை ஆவி படிந்து மங்கிவிடும். குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் கண் மங்கினால் எந்தச் செவிலியரும் கண்ணாடியைத்தான் கழற்றுவார். ஆவி படியாத முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதோ, அறைக்குக் காற்றோட்ட வசதி செய்வதோ அவர் கையில் இல்லை.

இன்னொரு தயக்கமும் உண்டு. கையுறை போட்டுத் தொட்டால் ‘நம்மைத் தொட அருவருக்கிறாங்க’ என்று நோயாளி மனம் புண்படுவாரோ என்று யோசிக்கிற செவிலியர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். தீண்டாமையின் நினைவு ஆறாத நாட்டில் அந்த யோசனையை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி கையுறை போடுவது வழக்கமாகிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது. சிலருக்கு மட்டும் போடும்போதுதான் அது அவமானமாகிறது.

யாரென்று பாராமல்

மருத்துவ உலகம் இந்தப் பாடத்தைக் கற்ற வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அந்த நாட்களில் எய்ட்ஸ் நோயாளி என்று தெரிந்தால் இரண்டு கையுறை, தனி அறை. தெரியாவிட்டால் வெறுங்கை என்பதே உலகமெங்கும் நடைமுறை. 1987-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அதை மாற்றியது. எந்த நோயாளியின் ரத்தமானாலும் அதில் தொற்று இருக்கக்கூடும் என்று எண்ணியே கையாள வேண்டும் என்றது. 1996-இல் அது ரத்தத்தோடு நிற்காமல் மற்ற உடல் திரவங்களுக்கும் விரிந்தது. இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் நிலையான முன்னெச்சரிக்கை முறைகள் இவைதான்.

இதன் அருமையைத் தென்னிந்தியா 2018-இல் கண்ணீரோடு உணர்ந்தது. கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் செவிலியராக இருந்த லினி புதுசேரி, காய்ச்சலோடு வந்த ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்டார். அது நிபா வைரஸ் காய்ச்சல் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தொற்றியது. மே 21 அன்று இறந்துபோனார். நாடே அவரைப் போற்றியது. போற்றியது சரி. தாலுகா அளவிலான ஓர் ஆஸ்பத்திரியில், இன்ன நோயென்று பெயர் தெரியாத காய்ச்சலுக்கு முன்னால் ஒரு செவிலியர் என்ன கவசத்தோடு நிற்கிறார் என்ற கேள்வியையும் அந்த மரணம் விட்டுச் சென்றது. வில்லியனூரிலும் பாகூரிலும் காய்ச்சல் நோயாளி முதலில் வந்து நிற்பது சிறிய சுகாதார நிலையத்தின் வாசலில்தான். அவருக்கு என்ன நோய் என்பது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

முதல் கேள்வி

ஊசி குத்தியதும் ஒரு செவிலியருக்கு வரும் முதல் உணர்ச்சி பயம், அடுத்தது வெட்கம். சொன்னால் ‘எப்படிம்மா குத்திக்கிட்ட? பார்த்துப் போட மாட்டியா?’ என்று கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் குழாயடிக்குப் போய், விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றி, ஸ்பிரிட் ஊற்றிவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். பிதுக்குவதும் தவறு, ஸ்பிரிட் ஊற்றுவதும் தவறு. இரண்டும் அந்த இடத்துத் தசையைப் புண்ணாக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடாதவர் என்றால் அதற்கான இம்யூனோகுளோபுலின் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. எனவே ஊசி குத்திய செவிலியரிடம் மேற்பார்வையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எப்போது குத்தியது, சிஸ்டர்?’ என்பதுதான். எப்படிக் குத்தியது என்ற விசாரணையைப் பிறகு நிதானமாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் நீடில் கட்டர் எங்கே இருந்தது, அந்த நேரம் வார்டில் எத்தனை பேர் டூட்டியில் இருந்தார்கள் என்று கேட்கிற விசாரணையாக இருக்கட்டும்.

இரண்டு மணி நேரம் என்பது நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாடி இறங்கி ஏறும் நேரம். பாகூர்க் கிராமத்தில் இரவு இரண்டு மணிக்குப் பிரசவம் பார்க்கும்போது ஊசி குத்தினால் கதை வேறு. எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் இருப்பது நகர்ப் பக்கத்தில், அரசுப் பொது மருத்துவமனையிலும் ஜிப்மரிலும். வார்டை யாரிடம் ஒப்படைத்துவிட்டு, எந்த வண்டியில் ஏறிப் போவது? தடுப்பு மருந்தின் முதல் சில நாள் மாத்திரைகள் அந்தச் சுகாதார நிலையத்திலேயே, இரவிலும் திறக்கக்கூடிய அலமாரியில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. மாத்திரையை விழுங்கிவிட்டு, காலையில் பரிசோதனைக்குப் போய்க்கொள்ளலாம்.

ஊசி குத்தினால்: செவிலியர் அறையில் ஒட்டிவைக்க

● குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவவும். கண்ணில் தெறித்தால் சுத்தமான நீரால் நன்றாக அலசவும்.

● பிதுக்க வேண்டாம். விரலை வாயில் வைக்க வேண்டாம். ஸ்பிரிட், பிளீச்சிங் கரைசல் எதுவும் ஊற்ற வேண்டாம்.

● நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவ அதிகாரியிடம் சொல்லவும். பதிவேட்டில் எழுதவும்.

● யாருடைய ரத்தம் என்று தெரிந்தால், அவருடைய சம்மதத்தோடு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ்-பி, சி பரிசோதனை. செவிலியருக்கும் அன்றே அடிப்படைப் பரிசோதனை.

● மருத்துவர் சொன்னால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிடவும்.

● தொடர் பரிசோதனைகளைத் தவறவிட வேண்டாம். மூன்று மாதம், ஆறு மாதம் வரை அவை நீளும்.

பதிவேடு ஏன் முக்கியம்

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மருத்துவப் பணியிலும் பரிசோதனைக்கூட வேலையிலும் தொற்றும் நோய்களைத் தொழில்சார் நோய்களின் பட்டியலிலேயே சேர்த்திருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதாவது வேலையினால் வந்த காசநோய்க்கோ மஞ்சள்காமாலைக்கோ ஈடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் கழித்து ஈரல் கெட்டுப்போன பிறகு, ‘அன்றைக்குக் குத்திய ஊசியால் வந்தது’ என்று எதைக் காட்டி நிறுவுவது? குத்திய அன்று எழுதிய பதிவும், அன்று தொற்று இல்லை என்று காட்டிய ரத்தப் பரிசோதனையும்தான் சாட்சி. பதிவேட்டில் எழுதாத காயம் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது, வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்வது, போதிய பாதுகாப்புக் கவசங்கள் தருவது எல்லாமே மருத்துவமனை நடத்துபவரின் கடமை என்கின்றன. ஊசி குத்துவது போன்ற விபத்துகளையும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். படுக்கைகளே இல்லாத சின்ன கிளினிக்குக்கும் இந்த விதிகள் உண்டு. ஊசிகளுக்கு வெள்ளை நிறத் துளைபடாத டப்பா, பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள், கண்ணாடிக்கு நீலம் என்று குப்பைக் கூடைகளின் நிறங்கள் எல்லா இடத்திலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதே விதியில் உள்ள தடுப்பூசி, உடல் பரிசோதனைக் கடமைகளை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை.

மின்கம்பத்தில் ஏறும் ஊழியரிடம் ரப்பர் கையுறை கொடுக்காமல் ‘ஜாக்கிரதையாக ஏறு’ என்று மட்டும் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? செவிலியர் விஷயத்தில் ஒப்புக்கொண்டுவிட்டோம். வெள்ளை உடுப்புக்குத் தியாகப் பட்டம் கட்டிவிட்டதால், அதற்குள் இருக்கும் தொழிலாளியின் உரிமை நம் கண்ணில் படுவதில்லை.

காற்றில் வருவது, துணியில் வருவது

ஆபத்து ஊசியோடு முடிந்துவிடுவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நர்சிங் மாணவிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களுக்கு ஆண்டுக்குக் காசநோய்க் கிருமி தொற்றும் அபாயம் 7.8 சதவீதம் என்று அது மதிப்பிட்டது. நாட்டின் பொதுச் சராசரி அப்போது சுமார் 1.5 சதவீதம். பேர்போன கல்லூரியின் நிலையே இது. சாதாரண அறுவைசிகிச்சை மாஸ்க், இருமுபவரின் எச்சில் துளி வெளியே தெறிக்காமல் தடுக்கும். காற்றில் மிதக்கும் காசநோய்க் கிருமியிடமிருந்து செவிலியரைக் காக்க என்-95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். அதைவிட மலிவான மருந்து ஜன்னல். எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்கும் பழைய காலத்து உயரமான வார்டு, ஏ.சி. போட்டு அடைத்த அறையைவிட இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

பாகூர் போன்ற விவசாயப் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவருடைய சட்டையும் லுங்கியும் மருந்தில் நனைந்திருக்கும், வாந்தியிலும் மருந்து இருக்கும். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை. நனைந்த துணியைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, வயிற்றைச் சுத்தம் செய்ய உதவும் செவிலியருக்கும் தலைவலியும் குமட்டலும் கண் எரிச்சலும் வரலாம். இந்த வேலைக்குச் சாதாரண மெல்லிய லேட்டக்ஸ் கையுறை போதாது. தடித்த நைட்ரைல் கையுறையும் பிளாஸ்டிக் ஏப்ரனும் வேண்டும். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். களைந்த துணியைப் பையில் கட்டி ஒதுக்க வேண்டும். நெல் விளையும் ஊரின் சுகாதார நிலையத்தில் இந்தக் கவசப் பெட்டி தயாராக இருப்பது, பாம்புக்கடி மருந்து இருப்பதைப் போன்ற ஓர் அடிப்படைத் தேவை.

வார்டு உதவியாளர் இல்லாத நேரத்தில் நோயாளியைத் தனியாகப் புரட்டிப் புரட்டித் தேய்ந்த முதுகும், மாதத்துக்குப் பல இரவுகள் விழித்த உடம்பும் பதிவேட்டுக்கே வராத காயங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவுப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஒன்றாக 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் அதை மறுபடியும் உறுதிசெய்தது. கிராமத்து நிலையத்தில் இரவில் ஒற்றை ஆளாக டூட்டி பார்க்கும் பெண்ணுக்குக் குடிபோதையில் வரும் கூட்டத்தைப் பற்றிய பயம் தனி.

வாய் திறக்க முடியாதவர்கள்

ஊசி குத்தியதைச் சொல்லாமல் மறைப்பதில் முன்னால் நிற்பவர்கள் ஒப்பந்தச் செவிலியர்களும் மாணவிகளும். சொன்னால் வேலை போகுமோ, பயிற்சி மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறார்கள். தனியார் செவிலியர்களின் சம்பளமும் பணிநிலையும் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் தலையிட்டது. தொடர்ந்து அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. இது சம்பளப் பிரச்சினை மட்டும் அல்ல. வேலை நிலைக்கும் என்ற தைரியம் உள்ளவர்தான் ‘இந்தக் கையுறை எனக்குப் பொருந்தவில்லை, வேறு வாங்கித் தாருங்கள்’ என்று கேட்பார்.

இந்தக் கொம்யூன்களைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளில் பலர் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண்கள், வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். முதன்முதலாக வார்டுக்குள் நுழையும் நாளுக்கு முன்பே அவர்களுக்கு மூன்று டோஸும் முடிந்திருக்க வேண்டும். சேர்க்கையின்போதே முதல் டோஸ் போட்டால் கணக்கு சரியாக வரும்.

‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’

நம் பங்கும் இதில் இருக்கிறது. சளி, காய்ச்சல், உடம்பு வலி எதுவானாலும் ‘மாத்திரை வேணாம், ஒரு ஊசி போட்டுவிடுங்க’ என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரோடியிருக்கிறது. போடாத டாக்டர் கைராசி இல்லாத டாக்டராகிவிடுகிறார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் நடந்த ஓர் ஆய்வு, நாட்டில் ஆண்டுக்குக் குறைந்தது 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் சுமார் 63 சதவீதம் பாதுகாப்பற்ற முறையில் போடப்படுவதாகவும் கண்டது. மாத்திரையில் தீரக்கூடிய நோய்க்குப் போடும் ஒவ்வொரு ஊசியும் நோயாளிக்குத் தேவையில்லாத குத்து. செவிலியருக்கோ அது தேவையில்லாத ஆபத்து. டாக்டர் மாத்திரை போதும் என்று சொன்னால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதும், சிஸ்டர் கை கழுவும் அந்த அரை நிமிடம் பொறுமையாக நிற்பதும் நாம் செய்யக்கூடிய உதவிகள்.

கேட்டுப் பெற வேண்டியவை

செவிலியர்களின் பாதுகாப்புக்குப் பெரிய பணமோ புதிய சட்டமோ தேவையில்லை. 2025 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பணியிடத்தில் கிருமிகளால் வரும் ஆபத்துகளைத் தடுப்பதற்கென்றே முதல் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யும் நாளுக்காகப் பாகூரும் வில்லியனூரும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் ஐந்து காரியங்கள் நாளையே தொடங்கலாம்.

ஊசி போடும் ஒவ்வோர் இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வெள்ளை டப்பாவும் நீடில் கட்டரும். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். எல்லா அளவிலும் கையுறைகள். ஸ்டாஃப் நர்ஸ் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ்-பி மூன்று டோஸும், எதிர்ப்பு சக்திப் பரிசோதனை முடிவும் எழுதிய அட்டை. பூட்டின் சாவி இரவு டூட்டி செவிலியரிடமே இருக்கும் தடுப்பு மருந்துப் பெட்டி. யாரையும் குற்றம் சொல்லாத ஒரு விபத்துப் பதிவேடு. இதில் துப்புரவுப் பணியாளரை மறந்துவிடக் கூடாது. செவிலியர் தவறவிட்ட ஊசி கடைசியில் குத்துவது குப்பைப் பையைக் கட்டும் அந்தக் கையில்தான்.

சுகாதார நிலையங்களில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் அதில் உட்காருகிறார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பது, நாற்காலி வாங்குவது பற்றி அங்கே பேசுவார்கள். அடுத்த கூட்டத்தில் விபத்துப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டு முழுவதும் ஒரு பதிவுகூட இல்லையென்றால் நிம்மதி அடைய வேண்டாம். நூற்றுக்கணக்கான ஊசிகள் போடும் இடத்தில் ஒருவர் விரலில்கூட ஊசி படவில்லை என்பதைவிட, பட்டதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தத் துணிவை அவர்களுக்குத் தருவது நிர்வாகத்தின் கடமை. நிர்வாகம் அதைச் செய்கிறதா என்று கேட்பது நம் கடமை.